காரணமில்லாத நடுக்கம்

மைசூரில் இருந்துகொண்டு தமிழ்ச் சிறுவர் நூல்களுக்குப் படம் வரையும் பெண் ஒருவருக்குப் பதிப்பாசிரியரிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது. படங்கள் நன்று, ஆனால் கணினியில் வரைந்தவை என்பது பார்த்ததுமே தெரிகிறது, கையால் வரைந்தவைபோல் ஆக்கித் தர இயலுமா?

அதற்கு வழிகள் பல உண்டு. பழைய தாளை ஸ்கேன் செய்து மேலடுக்காகக் கலந்தால் சொரசொரப்பு வந்துவிடும். கோட்டின் விளிம்பைச் சிதைத்துத் தரும் டிஜிட்டல் தூரிகைகள் விலைக்குக் கிடைக்கின்றன. அவர் இரண்டையும் செய்தார். கோடுகள் நடுங்கின. பாட்டியின் கன்னத்தில் எவ்வளவு நடுக்கமோ அவ்வளவே பித்தளைக் குடத்தின் விளிம்பிலும் இருந்தது. முதுமையால் வந்ததன்று, அவசரத்தால் வந்ததுமன்று. காரணமே இல்லாத நடுக்கம்.

மனம் சலித்து ஒருநாள் ஜகன்மோகன் அரண்மனை ஓவியக்கூடத்திற்குச் சென்றார். அங்குள்ள மைசூர் மரபு ஓவியங்கள் அவரைத் திகைக்க வைத்தன. அவற்றில் நடுக்கமே இல்லை. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் செழித்த அம்மரபின் ஓவியர்கள் புளியங்குச்சிக் கரியால் உருவெழுதி, அணில் மயிர்த் தூரிகையால் கோடிழுத்தவர்கள். நகைகளும் ஆடைக் கரைகளும் வரும் இடங்களில் வெண்பொடியும் பிசினும் குழைத்து மெல்லிய மேடு எழுப்பி, அதன்மேல் தங்கத்தாள் ஒட்டினர். தஞ்சை ஓவியத்தோடு ஒப்பிட்டால் இந்த மேடு மிகத் தாழ்ந்தது. இறுதியில் படத்தின்மேல் மெல்லிய தாளைப் பரப்பி வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். நாம் இன்று விலை கொடுத்து ஒட்டுகிற சொரசொரப்பை அவர்கள் உழைத்துப் போக்கியிருக்கிறார்கள்!

ஆயினும் அவை கையால் வரைந்தவை என்பதில் எவருக்கும் ஐயம் எழாது. புருவக் கோடு நடுவில் தடித்து நுனியில் மெலிகிறது. விரல்களைச் சுற்றும் கோடு மடிப்பில் அழுந்துகிறது. ஒவ்வொரு மாற்றத்திற்கும் பின்னால் ஒரு தீர்மானம் இருக்கிறது. இதே ஊரில் 1921இல் பிறந்த ஆர். கே. லக்ஷ்மண் தூரிகையும் மையும் கொண்டு வரைந்த கோடுகளும் இவ்வகையினவே. அழுத்தமும் தளர்வும் அங்கே உருவத்தைச் சொல்லும் வேலையைச் செய்கின்றன. கைப்பிழையைப் பின்னர் பூசிக்கொள்ள முயல்வது, மேடையில் முதியவராக நடிப்பவர் தலைமுடிக்கு மாவு தூவிக்கொள்வதைப் போன்றது.

வீடு திரும்பியவர் செயலியில் கோட்டை நேராக்கும் வசதியை நிறுத்தினார். எழுதுகோலின் அழுத்தத்திற்கேற்பத் தடிமன் மாறும் அளவைத் தம் கைக்குப் பொருத்தினார். ஒரே இலையை நகலெடுத்து மரம் முழுவதும் ஒட்டும் பழக்கத்தையும் விட்டார். இவையெல்லாம் எளிதில் முடிந்தன. கடினமானது வேறொன்று. பயிற்சிக்காகத் தாளும் மையும் எடுத்து அமர்ந்தபோது, முதற்கோடு பிசகியதும் அவருடைய இடக்கையின் இரு விரல்கள் தாளை மெல்லத் தட்டின. திரையில் அப்படித் தட்டினால் கோடு மறைந்துவிடும். ஆறாண்டுப் பழக்கம். பிசகிய கோட்டோடு அடுத்த கோட்டைச் சேர்த்து வாழவைக்கும் திறமை அக்கையிலிருந்து கழன்றுபோயிருந்தது.

அடுத்த இரண்டு வாரம் தாளிலேயே வரைந்தார். பிறகு திரைக்கு வந்து பாட்டியை மீண்டும் எழுதியபோது, தாடையருகே கோடு சற்றுத் தடித்துவிட்டது. அதை அழிக்காமல், கழுத்துக் கோட்டை அதற்கேற்ப மெலித்தார். குடத்தின் விளிம்பை மட்டும் திரும்ப வரைந்தார். பித்தளை அல்லவா, அது வழவழப்பாகத்தான் இருக்க வேண்டும்.