ஐம்பத்தெட்டு வயதில் ஒரு தங்கம்

அறுபதை நெருங்கிவிட்டால் போதும், வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். "இனி எதுக்குப்பா அலைச்சல்? சும்மா உட்காருங்க." அன்பாகத்தான் சொல்கிறார்கள். அப்படிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறவர் இங்கிலாந்தின் நிக் ஸ்கெல்டன்.

குதிரையோடு தடை தாண்டுவது அவர் தொழில். 1978இல், 21 வயது நிறைவதற்கு முன்பே, லண்டன் ஒலிம்பியா அரங்கில் லாஸ்டிக் என்ற குதிரையின் மேலிருந்து சுமார் 2.32 மீட்டர் தாண்டி பிரிட்டிஷ் சாதனை படைத்தார். நம் வீட்டு நிலைக்கதவைவிட உயரம். இளமையில் பெயர் வாங்குவது பெரிய விஷயமில்லை, பலர் வாங்கியிருக்கிறார்கள். பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம்.

2000 செப்டம்பரில் தலைகுப்புற விழுந்து கழுத்தில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. இன்னொரு முறை விழுந்தால் உயிருக்கே ஆபத்து என்றார்கள் மருத்துவர்கள். 2001இல் ஓய்வு அறிவித்துவிட்டார். ஜெர்மனியில் ஒரு மருத்துவர் பரிசோதித்து, ஏறலாம் என்று சொன்ன பிறகே 2002இல் திரும்ப வந்தார். இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிறுத்தச் சொன்னபோது நிறுத்தினார், ஏறச் சொன்ன பிறகே ஏறினார். வீம்புக்கும் விடாமுயற்சிக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முன்னணியில் இருந்தவர், கடைசியில் தடைக் கம்புகளைத் தட்டிப் பதக்கமில்லாமல் திரும்பினார். 2011இல் இடுப்பு மூட்டை மாற்ற வேண்டிவந்தது. மறு ஆண்டே லண்டன் ஒலிம்பிக்கில் பிக் ஸ்டார் என்ற குதிரையோடு அணித் தங்கம் வென்றார். அதற்குப் பிறகு காயம் வந்தது குதிரைக்கு. மனிதனுக்கு வலித்தால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். குதிரையிடம் அதைக் கேட்க முடியுமா? ஆறும்வரை காத்திருந்தார், திரும்ப அடிபட்டபோதும் காத்திருந்தார். ஸ்கெல்டனின் தைரியத்தை எல்லாரும் புகழ்வார்கள். நான் அந்தப் பொறுமையைத்தான் புகழ்வேன்.

2016இல் அதே குதிரையோடு ரியோ ஒலிம்பிக். ஒரு கம்பு விழுந்தால் நான்கு தண்டப் புள்ளி. தனிநபர் போட்டியில் தண்டமே இல்லாமல் ஆறு பேர் மிஞ்சினார்கள். அவர்களுக்குள் முடிவு காணக் குறுகிய தடத்தில் மறுபடி ஓட வேண்டும். அதிலும் முதலில் போக வேண்டியவர் ஸ்கெல்டன். மற்றவர்கள் எவ்வளவு நேரம் எடுப்பார்கள் என்று தெரியாமலே ஓடியாக வேண்டும். வளைவுகளை இறுக்கிப் பிடித்து, ஒரு கம்பும் அசையாமல், 42.82 விநாடியில் முடித்தார். பிறகு ஐந்து பேர் ஓடி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர அவருக்கு வேலையில்லை. கனடாவின் எரிக் லமாஸ் அவரைவிட வேகமாகவே வந்தார். ஒரு கம்பு விழுந்துவிட்டது. ஸ்வீடனின் பெடர் ஃபிரெட்ரிக்சன் சுத்தமாகத் தாண்டியும் அரை விநாடி பிந்தினார். ஏழாவது ஒலிம்பிக், 58 வயது, தனிநபர் தங்கம். 1908க்குப் பிறகு இத்தனை வயதில் பிரிட்டனுக்காக ஒலிம்பிக் தங்கம் வென்றவர் வேறு யாரும் இல்லை.

மறு ஆண்டு மே மாதம் வின்ட்சரில் நடந்த குதிரைக் காட்சியில் அவரும் பிக் ஸ்டாரும் ஒரே நாளில் விடைபெற்றார்கள். வேறு குதிரையில் ஏறி இன்னும் சில பரிசுகள் சேர்த்திருக்கலாம். சேர்க்காமல் போனாரே, அதற்காகவே எனக்கு அவர்மேல் ஒரு படி கூடுதல் மதிப்பு.