காம்பைச் சுற்றிய பச்சை

தை மாதம் மாடியில் இரண்டு பைகளில் தக்காளி வைத்தேன். ஒன்றில் பிகேஎம் 1 நாற்று. மற்றதில், சந்தையில் வாங்கிய நாட்டுப் பழத்தைப் பிழிந்து, சாம்பலில் புரட்டிக் காயவைத்த விதையிலிருந்து வந்த நாற்று. இரண்டையும் ஒரே நாளில்தான் நட்டேன். பிகேஎம் முழங்கால் உயரத்தில் புதராக நின்றுகொண்டு முந்திப் பழுத்தது. மூன்று வாரத்தில் மொத்தத்தையும் கொடுத்துவிட்டு ஓய்ந்தும் போனது. நாட்டுச் செடி குச்சியைத் தாண்டி, துணி காயப்போடும் கயிற்றைப் பிடித்துவிட்டது. பழம் இரண்டு மூன்றாகத்தான் வருகிறது. ஆனால் புளிப்புக்கு அடியில் தித்திப்பு இருக்கிறது.

ஏன் இந்த வித்தியாசம் என்று செடியருகே உட்கார்ந்து இலைகளை எண்ணினேன். விரலெல்லாம் பச்சைப் பிசுக்கு. கழுவினால் சோப்பு நுரை மஞ்சளாகிறது. நாட்டுச் செடியில் ஒரு பூங்கொத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று இலை. குட்டைச் செடியில் இரண்டு, பிறகு ஒன்று. கடைசியில் தண்டின் நுனியே பூங்கொத்தாகி முடிந்துவிடுகிறது. 1914-ல் புளோரிடாவில் தற்செயலாய்த் தோன்றிய ஒரு மாற்றம்தான் உலகத்துக் குட்டைத் தக்காளிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் குணத்தைக் கொடுத்தது. ஒரே சமயத்தில் அறுவடை செய்ய வேண்டியவருக்கு அது பெரிய வரம். ஆனால் பழத்துக்குச் சோறு போடுவது இலை. பந்தியில் ஆள் கூடி, சமைக்கும் கை குறைந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது.

இருந்தும் பிகேஎம்மை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெரியகுளம் தோட்டக்கலை ஆராய்ச்சியாளர்கள் அன்னஞ்சி என்ற நாட்டு ரகத்திலிருந்து எடுத்தது அது. பழுத்த பிறகும் காம்பைச் சுற்றிப் பச்சை நிற்கும். கடைக்காரர் அதைக் குறை என்பார். அப்பத்தா அப்படி நினைக்கவில்லை.

தேனிப் பக்கம் எங்கள் வீட்டின் கொல்லையில், பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில், யாரும் விதைக்காத தக்காளி எப்போதும் நிற்கும். அப்பத்தா நான்கு பழம் பறித்துவந்து புளித்தண்ணீரில் போட்டுக் கையாலேயே பிசைவாள். அம்மா அரிவாள்மணையில் நறுக்கும்போது பச்சை வளையத்தைச் சீவி ஒதுக்குவாள். அப்பத்தா ஒன்றும் சொல்ல மாட்டாள். ஒதுக்கியதை எடுத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் ரசச் சட்டிக்குள் போட்டுவிடுவாள். அம்மா பார்ப்பாள், அவளும் ஒன்றும் சொல்ல மாட்டாள். பல வருஷம் இது நடந்தது.

2012-ல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஒரே சீராகச் சிவக்கும் பழத்துக்காகப் பல பத்தாண்டுகளாகப் பொறுக்கியெடுத்த ரகங்களில், காய்க்கு, அதிலும் காம்படியில், பச்சையம் கூட்டும் மரபணு ஒன்று செயலிழந்து கிடக்கிறதாம். சர்க்கரையில் பெரும்பங்கு இலையிலிருந்து வருவதுதான். ஆனால் காயும் அந்தப் பச்சையை வைத்துக் கொஞ்சம் தானே சமைத்துக்கொள்கிறது. அழகுக்காக அந்த அடுப்பை அணைத்துவிட்டோம். கடும் வெயிலில் காம்பைச் சுற்றிய இடம் பழுக்காமல் கெட்டிப்பட்டுப் போவதும் உண்டு என்பதால், அம்மா சீவியதிலும் நியாயம் இருந்தது.

இப்போது நான் காம்பை மட்டும் கிள்ளிவிட்டுப் பிசைகிறேன். நாட்டுச் செடியில் நேற்று மேல்கொத்தில் ஆறு காய் எண்ணினேன். ஆறிலும் காம்படி கரும்பச்சையாக இருக்கிறது.