சட்டனில் ஒரு வெட்டுப்புள்ளி

இங்கிலாந்தில் பத்து வயதுப் பிள்ளை இருக்கிற பல தமிழ் வீடுகளுக்கு ஓகஸ்ட் மாதம் கிடையாது. பாடசாலை விடுமுறைதான், வெயிலும் அப்போதுதான் எறிக்கும். ஆனால் செப்டம்பரில் ஆறாம் வகுப்பு தொடங்கிய கையோடு கிறாமர் பாடசாலைகளில் சேருவதற்கான லெவன் பிளஸ் பரீட்சை வந்து நிற்கும். ஊருக்குப் போவது, கடற்கரைக்குப் போவது எல்லாம் அடுத்த வருசத்துக்குத் தள்ளிப்போகும்.

நாங்கள் இருப்பது லண்டனின் தெற்கு ஓரம், சட்டனுக்குப் பக்கத்தில். சட்டனில் மட்டும் ஐந்து கிறாமர் பாடசாலைகள். ஆண்பிள்ளைகளுக்கு வில்சன்ஸ், சட்டன் கிறாமர், வாலிங்டன் கவுண்டி. பெண்பிள்ளைகளுக்கு நொன்சச், வாலிங்டன் மகளிர். முதற்கட்டப் பரீட்சை ஐந்துக்கும் ஒன்றே. எல்லாம் அரசின் இலவசப் பாடசாலைகள், பெறுபேறுகளும் அபாரம். அதனால் எங்கெங்கோ இருந்தெல்லாம் பிள்ளைகள் வந்து எழுதுகிறார்கள். மண்டபத்துக்கு வெளியே நிற்கிற வரிசையைப் பார்த்தால் யாழ்ப்பாணம், சென்னை, ஹொங்கொங் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்ததுபோல இருக்கும்.

வேலையிடத்து வெள்ளைக்காரர்களிடம் சொன்னால், "அது இன்னும் நடக்கிறதா?" என்று கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு நாட்டில் பெரும்பாலான பிள்ளைகளைப் பதினொரு வயதில் கிறாமருக்கு, மற்றப் பாடசாலைகளுக்கு என்று பிரித்த பரீட்சை இது. 1965இல் தொழிற்கட்சி அரசு அந்தப் பிரிப்பைக் கைவிடும்படி சுற்றறிக்கை அனுப்பியது. இன்று இங்கிலாந்து முழுவதிலும் மிஞ்சியிருப்பவை 163 கிறாமர் பாடசாலைகள்தான். புதிதாக ஒன்றைத் திறப்பதை 1998ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. தமிழர் நிறைந்த ஹரோவில் ஒன்றுகூட இல்லை; பிள்ளைக்கு எட்டு வயதாகும்போது அங்கிருந்து வீட்டை விற்றுக்கொண்டு எங்கள் பக்கம் வந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

எங்களுக்கு இது பழகிய வியாதி. இலங்கையில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எழுதி வந்தவர்கள் நாங்கள். இருநூறு புள்ளி, மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி. ஆனால் அங்கே வகுப்பே சேர்ந்து எழுதும், ரீச்சரே மாலை வகுப்பு வைப்பார், தேறிய ஏழைப் பிள்ளைக்கு உதவிப்பணமும் உண்டு. இங்கே மகளின் பாடசாலை இந்தப் பரீட்சையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது உங்கள் வீட்டு விவகாரம் என்பதுபோல ஆசிரியை சிரித்துக்கொண்டார். ஆகவே வீடுதான் பாடசாலையாக வேண்டும், முடியாதவர்களுக்கு ரியூசன். இரண்டும் இல்லாத பிள்ளை, எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையானாலும், வினாத்தாளின் முகத்தை முதல்முதலில் பார்ப்பது மண்டபத்தில்தான். இது திறமையைத் தேடுகிற பரீட்சை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

புள்ளி போடுகிற முறையை யாழ்ப்பாணத்திலிருக்கும் அப்பாவுக்குத் தொலைபேசியில் விளக்கினேன். பிள்ளையின் வயதைப் பார்த்துப் புள்ளியைத் திருத்துவார்கள் என்றதும் அவர் குரல் மாறியது. "அப்ப இங்கயும் தரப்படுத்தலோ?" 1970களின் தொடக்கத்தில், தமிழில் எழுதியவர்கள் பல்கலைக்கழகம் போகக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டும் என்றாக்கிய காலத்தில் படித்தவர் அவர். செப்டம்பரில் பிறந்ததும் அடுத்த ஓகஸ்டில் பிறந்ததும் ஒரே வகுப்பில் இருக்கும், அந்த ஒரு வயது வித்தியாசத்துக்குத்தான் இந்தத் திருத்தம், அது நியாயம்தானே என்றேன்.

"அதெல்லாம் சரி பிள்ளை. எங்கட பிள்ளைக்குக் கூடுமோ, குறையுமோ?"

மகள் ஒக்டோபரில் பிறந்தவள். கூட வழியில்லை என்றேன். "அப்ப வடிவாப் படிக்கச் சொல்லு."

கணக்கு எங்களைப் பெரிதாகச் சோதிக்கவில்லை. ஆங்கிலம்தான் சோதித்தது. மகள் இங்கே பிறந்து, இங்கத்தைப் பிள்ளைகளோடு ஆங்கிலத்திலேயே சண்டை பிடிப்பவள். ஆனால் பயிற்சிப் புத்தகத்தில் வந்த பந்திகளோ நூறு, நூற்றைம்பது வருசப் பழைய ஆங்கிலம். வீட்டுக்கே வந்து பாடம் சொல்லும் ஆசிரியை, வேலைக்காரரைக் கூப்பிட அறைக்கறை மணி வைத்த மாளிகை, மரமே இல்லாத வடநாட்டு மேட்டுநிலம். நூலகத்திலிருந்து 'த சீக்ரெட் கார்டன்' எடுத்து வந்து இரவில் மாறிமாறி வாசித்தோம். 1911இல் வந்த அந்தக் கதையின் மேரி, இந்தியாவில் பிறந்து யோர்க்சயருக்கு வருபவள்; அவளுக்கும் அந்த மேட்டுநிலம் என்னவென்று தெரியாது. மகளுக்கு அது பெரிய ஆறுதல். பரீட்சைக்காகச் செய்தவற்றில், பரீட்சை இல்லாவிட்டாலும் செய்திருக்க வேண்டியது இது ஒன்றுதான்.

ரியூசன் ரீச்சர் ஒருவர் வீட்டில் தமிழை நிறுத்தி ஆங்கிலம் பேசச் சொன்னார். நான் கேட்கவில்லை. நான் பேசினால் பிள்ளைக்குக் கிடைப்பது என்னுடைய யாழ்ப்பாண ஆங்கிலம். அதை எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. ஆனால் ரீச்சர் சொன்னதைக் கேட்டு நடந்த வீடுகள் உண்டு. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்குப் போய்ப் பார்த்தால் கணக்குத் தெரியும்: சின்ன வகுப்புகளில் இருக்க இடமில்லை, ஒன்பது பத்து வயது வகுப்பில் கதிரைகள் காலி. மாதிரிப் பரீட்சைகளும் சனிக்கிழமை காலையில்தான் நடக்கின்றன. அப்படிப் போன பிள்ளைகள் பரீட்சை முடிந்தும் தமிழுக்குத் திரும்பி வருவது அபூர்வம். விட்ட இடத்தில் தங்களிலும் சிறியவர்களோடு உட்கார வெட்கப்படுகிறார்கள்.

மகள் முதற்கட்டம் தாண்டினாள். இரண்டாம் கட்டத்திலும் குறைவில்லை, ஆனால் இடங்களைவிட நல்ல புள்ளிகள் அதிகம். மார்ச் முதலாம் திகதி வந்த கடிதத்தில் நடந்து போகிற தூரத்திலுள்ள சாதாரணப் பாடசாலையின் பெயர் இருந்தது. அங்கே நன்றாகத்தான் இருக்கிறாள். உறவினர்கள்தான் இன்னும் துக்கம் விசாரிக்கிறார்கள்.

போன வாரம் பக்கத்து ஊரான மிச்சம் (Mitcham) பகுதியிலிருந்து ஒரு தங்கச்சி தொலைபேசி எடுத்தாள். மகன் நாலாம் வகுப்பு. "அக்கா, மொக் டெஸ்ற் சனிக்கிழமை, தமிழ் வகுப்பும் சனிக்கிழமை. எதை விடுறது?"

"ஞாயிற்றுக்கிழமையும் மொக் டெஸ்ற் வைக்கினம். காசு ஒண்டுதான்," என்றேன்.

"ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு மிருதங்கம் அக்கா."