கோழிக்குச் சிறகு வெட்ட முன்



கிடுகு வேலி இருந்த காலத்தில் கோழி வேலிக்குக் கீழால் போகும். இப்போது ஆளுயர மதில் கட்டியிருக்கிறோம், மதிலுக்கு மேலால் போகிறது. காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை நம்மட வளவுகள் ஒட்டி ஒட்டித்தானே இருக்கின்றன. ஒரு வீட்டு ஊர்க்கோழி பறந்தால் அடுத்த வீட்டுக் கீரைப்பாத்தியில்தான் இறங்கும். "உங்கட கோழி எல்லாத்தையும் கிளறிப் போட்டிருக்கு" என்று தொடங்கி, கடைசியில் சலாம் சொல்வதையே விட்ட வீடுகள் இருக்கின்றன.

இதற்குப் பயந்து சிலர் கோழியின் காலில் கயிறு கட்டி விடுகிறார்கள். கயிறு இறுகிக் கால் வீங்கி, தண்ணீர்ச் சட்டிக்கு எட்டாமல் வெயிலில் கிடக்கும் கோழியைப் பார்க்க மனசு கேட்பதில்லை. இன்னும் சிலர் இறகைப் பிடுங்குகிறார்கள். அது நம்மட நகத்தைப் பிடுங்குவது மாதிரி. பலனும் இல்லை, பிடுங்கிய இடத்தில் சில வாரங்களில் புது இறகு வந்துவிடும். வெட்டினால் அப்படியில்லை. அடுத்த முறை இறகு உதிர்க்கும் வரை, ஏறக்குறைய ஒரு வருடம், தாங்கும்.

எங்கட வீட்டில் மஃரிபுக்குப் பிறகு, கோழிகள் கூடு அடைந்து அமைதியானதும்தான் செய்வோம். ஒருவர் கோழியைத் துவாயால் சுற்றி, தலையை மூடி, மடியில் வைத்துக்கொள்வார். மற்றவர் ஒரு சிறகை மட்டும் விசிறி போல விரிப்பார். ஓரத்தில் இருக்கும் நீளமான பத்து இறகுகள்தான் பறக்க உதவுபவை. அவற்றின் மேலே படிந்திருக்கும் சிறிய இறகுகள் முடியும் இடத்துக்குக் கொஞ்சம் கீழாக வெட்ட வேண்டும். சிறகை மடக்கினால் வெட்டியதே வெளியில் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் வெட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு பக்கமும் சமனாக வெட்டினால் பாரம் குறைந்த கோழி அடித்துப் பிடித்து மேலே ஏறிவிடும். ஒரு பக்கம் குறைந்தால் சமநிலை கிடைக்காது.

கத்தரிக்கோல் கூர்மையாக இருக்க வேண்டும். அதற்காக உம்மாவின் தையல் கத்தரிக்கோலில் கை வைத்தால் கோழிக்கு முன் நமக்குத்தான் சிறகு போகும்.

முக்கியமான விஷயம் இறகின் தண்டு. முற்றிய இறகின் தண்டு வெள்ளையாக, உள்ளே வெறுமையாக இருக்கும். வெட்டினால் நோகாது. புதிதாக முளைக்கும் இறகின் தண்டுக்குள் இரத்தம் ஓடும், அடிப்பக்கம் கருநீலமாகத் தடித்துத் தெரியும். போன் லைட்டைச் சிறகுக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள். கறுப்புக் கோழிகளில் இன்னும் கவனம் தேவை. அப்படி ஒரு இறகு இருந்தால் அதை விட்டுவிடுங்கள். தவறி வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, சோளமா தூவி, தனியாக வையுங்கள். இரத்தம் கண்டால் மற்றக் கோழிகள் கொத்தும். நிற்காவிட்டால் கால்நடை வைத்தியரிடம்தான் போக வேண்டும். குஞ்சுகளுக்கு வேண்டாம், அவை அடிக்கடி இறகு மாற்றும்.

தாராக்களைப் பற்றியும் கேட்கிறார்கள். சாதாரண வீட்டுத் தாராவுக்குப் பாரம் கூட, அது மதில் தாண்டாது. முகத்தில் சிவப்புச் சதை உள்ள மணிலாத் தாராதான் பறக்கும். அதற்கும் இதே முறைதான். சிலர் சிறகின் மூட்டையே வெட்டுவார்களாம். அது இறகு வெட்டுவதில்லை, உறுப்பை வெட்டுவது. கூடவே கூடாது.

வெட்டிய பிறகுதான் நமக்குப் பொறுப்பு கூடுகிறது. ஊர்க்கோழி மாலையானால் முருங்கையிலோ மாமரத்திலோ ஏறி உறங்கும். கட்டாக்காலி நாய் வந்தால் பறந்து தப்பும். அந்த வழியை நாம்தான் அடைக்கிறோம். பூனையைக் கட்டி வைத்து, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் ஹதீஸைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். நாயும் கீரியும் மரநாயும் திரியும் வளவில் சிறகு வெட்டிய கோழியை இரவில் வெளியே விடுவதும் அந்தக் கணக்கில்தான் வரும் என்று நமக்குப் படுகிறது. ஆகவே முதலில் தாழ்ப்பாள் போட்ட கூடு, தாழ்வான உறங்கு கம்பு. அதற்குப் பிறகு கத்தரிக்கோல். கூடு அடிக்க வசதியில்லாதவர்கள் மதிலுக்கு மேல் பழைய மீன் வலையைக் கட்டிப் பாருங்கள், பல வீடுகளுக்கு அதுவே போதும். மதிலோடு அடுக்கியிருக்கும் கல்லையும் பெட்டியையும் எடுத்துவிடுங்கள். சிறகு வெட்டினாலும் கோழி அவற்றில் படிப்படியாக ஏறிவிடும்.

முதல் தடவை பயமாக இருந்தால் மஃரிபுக்குப் பிறகு கோழியைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து செய்வோம். கத்தரிக்கோலை மட்டும் நீங்களே கொண்டு வாருங்கள்.