ஓடாத வண்டிகளின் மாதம்

பொங்கல் கூட்டம் இறங்கியதும் கட்டபெட்டில் வண்டிகள் நிற்கத் தொடங்கிவிடும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்குச் சாலை பிரிகிற இந்த ஊரின் சுற்றுலா வேன்களுக்கு இனி ஏப்ரல் வரை பெரிய வேலை இல்லை. உறைபனியில் கொழுந்து கருகி வரத்து குறைவதால், பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப்புகளுக்கும் லோடு சரியாகக் கிடைக்காது. வண்டிகள் நிற்கிற இந்த நாட்களில்தான் பேட்டரிக்காரருக்கு வேலை கூடுகிறது. ஜனவரிக் கடைசியில் அவரோடு சுற்றப் போனேன்.

முதல் வண்டி, ஒரு ஹட்டியின் (படுகர் ஊரின்) முகப்பில் வாரக்கணக்கில் நின்றிருந்த பிக்கப். பானட்டைத் தூக்கியவர் சாவியைக் கேட்கவில்லை. "செல்ஃப் அடிச்சுப் பாக்கிறது கடைசி வேலைங்க சார்" என்றபடி ஆறு மூடிகளையும் திருகி எடுத்தார். ஹைட்ரோமீட்டரின் ரப்பர் குமிழை அமுக்கி, குழாய் முனையைச் செல்லுக்குள் இறக்கி, பிடியைத் தளர்த்தியதும் ஆசிட் மேலேறியது. உள்ளே மிதவை இரண்டு முறை ஆடி நின்றது. கண் மட்டத்துக்குக் குனிந்து படித்தார்: 1230. அடுத்தது 1230, பிறகு 1225. நான்காவது செல்லில் 1160. மறுபடி எடுத்தார்; அதே 1160. மற்ற இரண்டும் சரியாக இருந்தன.

"இந்த ஒரு செல் போகப் போகுதுங்க. மத்த அஞ்சும் இதையும் சேத்து இழுக்குது."

நான் 1230 என்று குறித்துக்கொண்டதை எட்டிப் பார்த்து, "பன்னண்டு கழிச்சு எழுதுங்க" என்றார். மீட்டரின் அளவு 27 டிகிரி வெப்பத்துக்கு வகுத்தது. ஆசிட் குளிர்ந்தால் அடர்த்தி கூடும், மிதவை உயர்ந்து நிற்கும். அன்று காலை ஆசிட் 10 டிகிரியில் இருந்தது. டிகிரிக்கு 0.0007 வீதம் 17 டிகிரிக்குக் கிட்டத்தட்ட 12 புள்ளி. இதைக் கழிக்காமல் படித்தால், இறங்கத் தொடங்கிய பேட்டரியும் தேறியதாகவே தெரியும். கையில் சின்னத் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு வேலை செய்கிற ஒரு மெக்கானிக்கைப் பார்த்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

பேட்டரியைக் குளிர் கொல்கிறது என்று மலையில் எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. சும்மா கிடக்கிற பேட்டரி தானாகவே சார்ஜை இழக்கும். வெயிலில்தான் அந்த இழப்பு வேகமாக நடக்கும். 10 டிகிரி குறைந்தால் இழப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். முழுச் சார்ஜோடு நிறுத்திய பேட்டரிக்குக் கோயம்புத்தூரைவிடக் கட்டபெட்டு நல்ல இடம். கெடுப்பது அரைகுறைச் சார்ஜ். வண்டி நின்றாலும் கடிகாரமும் அலாரமும் ஜிபிஎஸ்ஸும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 12.4 வோல்ட்டுக்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுதாகக் கரையாது. குளிர் வந்து அதைக் காட்டிக்கொடுக்கிறது. 0 டிகிரியில் பேட்டரி தன் கொள்ளளவில் 80 சதவீதம் அளவுக்குத்தான் கொடுக்கும். ஆயில் இறுகிப்போன டீசல் எஞ்சினோ கூடுதல் ஆம்பியர் கேட்கும்.

மலை டிரைவர்களுக்கு ஒரு பழக்கம்: இறக்கத்தில் முகம் வைத்து நிறுத்துவது. செல்ஃப் எடுக்காவிட்டால் உருட்டி ஸ்டார்ட் செய்துகொள்ளலாம். பேட்டரிக்காரருக்கு இது பிடிக்காது. எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக்குக்குப் பூஸ்டர் துணை நிற்காது, பெடல் கல்லாக இருக்கும். கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஊரில் அதைச் செய்யலாமா என்று அவர் கோபப்படுவது நியாயம்தான்.

கனடா, ஐரோப்பாவில் கேம்பர் வேன் வைத்திருப்பவர்களுக்கு இதே வேலை இன்னும் கடுமையான குளிரில். முழுதாக இறங்கிய பேட்டரியின் ஆசிட் தண்ணீருக்கு நெருங்கிவிடும். மைனஸ் 8 டிகிரி வாக்கில் உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். முழுச் சார்ஜில் மைனஸ் 50-லும் உறையாது. லித்தியம் பேட்டரிக்குச் சங்கடம் வேறு: 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் பாழாகும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பதும், மெயின்டெய்னர் மாட்டி விடுவதும் அங்கே வண்டிக்காரரே செய்துகொள்கிற வேலை. இங்கே அதை இவர் தோளில் சுமக்கிறார்.

பிக்கப்பின் பேட்டரியில் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றினார். ஸ்பேனர் பாடியில் தட்டினாலும் பொறி பறக்காது. கடைக்குக் கொண்டுவந்த 75 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 7 ஆம்பியர் மட்டும் வைத்தார். ஜன்னல் திறந்தே இருந்தது, ஹைட்ரஜன் வெளியேற. அவசரக்காரர்கள் கூட்டி வைக்கச் சொல்வார்களாம். தகடு வளைந்துவிடும் என்று மறுத்துவிடுகிறார். சார்ஜுக்கு முன் ஆசிட் தகடு மூழ்கும் அளவுக்கு இருந்தால் போதும்; டிஸ்டில்டு வாட்டர் சார்ஜ் ஏறிய பிறகுதான். முன்பே நிரப்பினால் பொங்கி வழியும். ஆசிட் ஒருபோதும் சேர்ப்பதில்லை.

அவருடைய காக்கிச் சட்டையின் வயிற்றுப் பக்கம் சல்லடையாக ஓட்டைகள், எல்லாம் ஆசிட் தெறித்தவை. சாப்பிடும் முன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். ஈயம் கையிலிருந்து வாய்க்குப் போகும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

செத்த பேட்டரிகள் மூடியோடு நிமிர்ந்தபடி பலகையில் வரிசையாக நின்றன. பழையதைத் தெருவில் உடைக்காமல் மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன. காயலான் கடைக்காரர்கள் சிலர் ஆசிட்டைக் கவிழ்த்துவிட்டு ஈயத்தை மட்டும் தரச் சொல்கிறார்கள். கடைக்குப் பின்னால் ஓடையும் அதன் கீழே தேயிலைத் தோட்டமும் இருக்கின்றன. ஆசிட்டோடு எடுத்துக்கொள்கிற டீலருக்கே இவர் கொடுக்கிறார், விலை குறைந்தாலும்.