ஆறு நாள் முந்திய போர்

முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்த ஒருவன், ஓய்வுக் காலத்தில் ஜப்பானியப் பெண்களின் மற்போரைப் பற்றி எழுதப் புகுந்தால் நண்பர்கள் நகைப்பர் என்பதை அறிவேன். ஆயினும் மற்போர் நம் இலக்கியத்திற்கு அயலானதன்று. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்திய காட்சியைப் புறநானூற்றில் சாத்தந்தையார் பாடியுள்ளார். அவன்பால் காதல் கொண்ட நக்கண்ணையாரும் அவனைப் பாடியுள்ளார்; வெற்றி அவனுடையதே என்று சிலரும், அன்று என்று சிலரும் வாதிட்டதைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. அப்பாடல்களை நடத்திய காலத்தில் ஒரு மாணவியேனும் எழுந்து, “பெண் பாடினாள், சரி, பெண் பொருதது உண்டா, ஐயா?” என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் திணறியிருப்பேன்.

அந்த வினாவை என் வீட்டுக்குக் கொணர்ந்தவள் என் மகள். கூலிம் ஹைடெக் பூங்காவில் உள்ள ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறாள். 1996இல் திறக்கப்பட்ட அப்பூங்காவின் திட்டம் உருவானதில் ஜப்பானியருக்கும் பங்குண்டு. அவளுடன் பணியாற்றும் பெண்கள், 2024இல் வெளிவந்த ‘தி குவீன் ஆஃப் வில்லன்ஸ்’ என்னும் ஜப்பானியத் தொடரைப் பார்த்துவிட்டு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தனராம். டம்ப் மட்சுமோட்டோ என்னும் வீராங்கனையின் கதை அது. 1985 ஆகஸ்ட் 28ஆம் நாள் ஒசாகாவில், தோற்றவர் தலைமுடி மழிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர் சிகுசா நாகயோவுடன் மோதினார். நாகயோ தோற்றார், கதறியழும் பள்ளிச் சிறுமியர் முன்னிலையில் அவர் தலை மழிக்கப்பட்டது. அக்காட்சியை ஒருமுறை கண்டவர் மறப்பதரிது.

ஆனால், உடன் பணிபுரியும் ஜப்பானியர் ஒருவர் என் மகளிடம், “அதற்கு ஆறு நாள் முன்பு நடந்ததைப் பாருங்கள்” என்றாராம். ஓர் ஞாயிறு மாலை அப்பழைய தொலைக்காட்சிப் பதிவை மகள் எங்களுக்குப் போட்டுக் காட்டினாள். எங்களுக்கு என்றால், எனக்கும் என் அக்காளுக்கும்.

அக்காளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நாங்கள் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள். அக்காள் பத்து வயதில், திடலில் என்னையும் என் தோழர்கள் மூவரையும் ஒருவர்பின் ஒருவராக மண்ணைக் கவ்வ வைத்தவள். பருவமெய்தியதும் திடலுக்குச் செல்வது நின்றது. அடுத்த ஆண்டு பள்ளியும் நின்றது. விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, காண்டாக் கம்பின் இருமுனையிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு மேட்டிலும் பள்ளத்திலும் சுமந்தாள். அந்தக் கூலியில்தான் நான் ஆசிரியப் பயிற்சிக்குச் சென்றேன். அவளுடைய வலத்தோள் இன்றும் இடத்தோளைவிடத் தாழ்ந்தே இருக்கும்.

ஆகஸ்ட் 22ஆம் நாளைய போர் தோக்கியோவின் நிப்பான் புடோக்கான் அரங்கில் நடந்தது. உலகப் பட்டத்தைத் தாங்கியிருந்தவர் ஜாகுவார் யோக்கோத்தா; எதிர்த்தவர் லயனெஸ் அசுகா. முன்னவருக்கு வயது 24, பின்னவருக்கு 22. அசுகா, நாகயோவுடன் ‘கிரஷ் கேர்ல்ஸ்’ என்ற இணையாகப் பாட்டும் பாடி, நாடெங்கும் சிறுமியரின் நெஞ்சைக் கவர்ந்தவர். யோக்கோத்தாவுக்கு அத்தகைய பெருங்கூட்டம் இல்லை. அவருக்கு இருந்தது கலை மட்டுமே. 1977இல் களமிறங்கி, 1981இல் ஜாக்கி சாட்டோவிடமிருந்து பட்டத்தைக் கைப்பற்றியவர் அவர்.

அவர்கள் சார்ந்திருந்த நிறுவனத்தில் எழுதப்படாத விதியொன்று இருந்தது. இருபத்தைந்து வயதை எட்டியதும் பெண் களத்தைவிட்டு நீங்கிவிட வேண்டும். மதுவும் புகையும் ஆண் நட்பும் விலக்கு. ஆதலால் யோக்கோத்தா மேடையேறியபோது எதிரே நின்றவர் அசுகா ஒருவர் மட்டும் அல்லர்; நாள்காட்டியும் நின்றது.

இப்போரில் குருதி இல்லை; சங்கிலி இல்லை; மழிக்கும் கத்தியும் இல்லை. அது மறக்கப்பட்டதற்குக் காரணமும் அதுவே என்று எண்ணுகிறேன். கதையாகச் சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை, பார்க்கத்தான் வேண்டும். அசுகா உயரமானவர், கால்வீச்சில் வல்லவர். யோக்கோத்தா அவரினும் சிறியவர்; ஆனால் விழுந்த கணத்திலேயே எழுந்துவிடுகிறார். எதிரியின் இடையைப் பின்னிருந்து பற்றி, தன் உடலை வில்லாக வளைத்துப் பின்புறமாக எறியும் பிடி இக்கலையில் உண்டு. எறிந்தவர் தலையும் பாதங்களும் தரையில் ஊன்ற, வயிறு வானை நோக்க, பாலம்போல் நிற்பார். நடுவர் மூன்று எண்ணும்வரை அந்தப் பாலம் இடியக்கூடாது. எதிரியின் எடை முழுவதையும் அப்போது கழுத்தும் தோளும் தாங்குகின்றன. அதைக் கண்டதும் அக்காள் தன்னையறியாமல் வலத்தோளைத் தடவிக்கொண்டாள்.

“முடிவு முன்பே பேசிவைத்ததுதானே, அத்தை” என்றாள் மகள், சற்றே குறும்பாக. உண்மைதான், இவ்வகை மற்போரில் வெல்பவர் யாரென்று மோதுபவர்கள் அறிவர். படித்தவர்கள் இதனை இகழ்வதும் இது பற்றியே. ஆனால் தெருக்கூத்தில் துச்சாதனன் மடிவான் என்பதை அறியாமலா நம் முன்னோர் விடிய விடிய விழித்திருந்தனர்? முடிவு தெரிந்த ஒன்றில் கண்ணைப் பதிக்கச் செய்வதுதான் கூத்தாடியின் திறம். அதிலும் கூத்தில் விழுபவனுக்கு எலும்பு முறிய வேண்டியதில்லை. இங்கே விழுவது மெய்யாகவே விழுவது. தாடையை மார்போடு ஒட்டி, கைகளால் தரையை அறைந்து, அடியின் வேகத்தை உடலெங்கும் பரப்பிக்கொள்ளக் கற்றவளே மறுநாளும் எழுந்து நடப்பாள். எறிபவள் தன் எதிரியின் கழுத்தைத் தன் பொறுப்பாகக் கொள்கிறாள். பகைபோல் தோன்றும் இந்த உறவின் உள்ளே இத்துணை நம்பிக்கை இருப்பதை எண்ணி வியந்தேன்.

யோக்கோத்தாவே வென்றார். பட்டம் அவரிடமே நின்றது. ஆனால் நெடுங்காலம் நிற்கவில்லை. தோள் காயம் முற்றிற்று. அவ்வாண்டு திசம்பரில் பட்டம் டெவில் மசாமியிடம் சென்றது. 1986இல் யோக்கோத்தா ஓய்வு பெற்று, இளம்பெண்களுக்குப் பயிற்சியளிப்பவரானார். அசுகாவும் பின்னாளில் அதே பட்டத்தை அடைந்து, 1989இல் களத்தை நீங்கினார். அந்நிறுவனமே 2005இல் மூடப்பட்டுவிட்டது.

பதிவு முடிந்ததும் மகள் எழுந்து தேநீர் கலக்கச் சென்றாள். அக்காள் வெற்றுத் திரையையே நோக்கியிருந்தாள்.

“அந்தச் சின்னவளுக்குத் தோள் பிறகு ஆறிச்சா?” என்று கேட்டாள்.

“ஓய்வு எடுத்துக்கிட்டாங்க, அத்தை. சில வருசம் கழிச்சுத் திரும்பி வந்து மோதினாங்க. அறுபது வயசுக்கு மேலயும் மேடை ஏறினாங்க” என்று அடுக்களையிலிருந்து விடை வந்தது.

அக்காளுக்கு எழுபத்து நான்கு வயது. அவள் என்னைப் பார்த்தாள். திடலின் செம்மண் என் வாயில் ஏறிய அந்நாளைய பார்வை அது. நான் கண்களைத் தாழ்த்திக்கொண்டேன்.

“தேத்தண்ணியைக் கொண்டு வந்துட்டு, முதல்ல இருந்து போடு” என்றாள் மகளிடம்.