காக்ஸ் டவுனிலிருந்து மாணிக்கவேலு மாளிகைக்கு

பெங்களூருவின் காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் கீரை வாங்கத் தமிழே போதும். 1809இல் ஆங்கிலேயர் இங்கே கன்டோன்மென்ட் அமைத்த பிறகு, சிப்பாய்களாகவும் ஒப்பந்தக்காரர்களாகவும் கொத்தனார்களாகவும் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் வாரிசுகள் சுற்றுவட்டாரம் முழுக்க இருக்கிறார்கள். பக்கத்தில் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை. 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டபோது இந்தத் தெருக்களில் வேறு பேச்சே இல்லை என்பார் சித்தி. அதே ஆண்டு பிப்ரவரி 18 அன்று, இங்கிருந்து ஆட்டோவில் அரை மணி நேரத் தூரத்தில், தேசிய நவீனக் கலைக்கூடத்தின் பெங்களூரு கிளையும் திறக்கப்பட்டது. அதைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லை.

"அங்க என்னடா இருக்கப் போவுது? புரியாத படமாத்தானே மாட்டியிருப்பாங்க" என்றார்.

"வாங்க சித்தி, பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கோல்ஸ் பார்க், கன்டோன்மென்ட் ரயில் நிலையம், வசந்த் நகர் என்று போய், அரண்மனைச் சாலையில் இறங்கினோம். வாசலில் 'மாணிக்கவேலு மாளிகை' என்ற பெயரைப் பார்த்ததும் சித்தியின் முகம் மாறியது. "நம்ம ஆளா?" நம்ம ஆள்தான். ஏழைக் குடும்பத்தில் பிறந்து, மாங்கனீசு, குரோமியச் சுரங்கங்களைக் குத்தகைக்கு எடுத்துப் பெரும் செல்வரான ராஜா மாணிக்கவேலு முதலியார், மைசூர் யுவராஜாவிடமிருந்து வாங்கிய வீடு இது. 1960களில் அரசின் கைக்கு வந்தது. 2000இல் மத்தியக் கலாச்சார அமைச்சகம் இதைக் குத்தகைக்கு எடுத்தது. கட்டடக் கலைஞர் நரேஷ் நரசிம்மன், மாளிகையைச் செப்பனிட்டு, வளாகத்து மரங்களுக்கு இடையே புதுக் கூடம் ஒன்றையும் சேர்த்தார். மூன்றரை ஏக்கர் நிழல். அந்த நிழலுக்காகவே வரலாம்.

இந்தச் சேகரத்தின் தாய்வீடு டெல்லியில், ஜெய்ப்பூர் ஹவுஸில் இருக்கிறது. 1954 மார்ச் 29 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். தொடக்க விழாவையொட்டி நடந்த சிற்பக் கண்காட்சியில் முதல் பரிசு பெற்றவர், அப்போது சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி. பரிசு பெற்ற படைப்பு, 1959 முதல் மெரினாவில் நாம் பார்த்துப் பழகிய உழைப்பாளர் சிலைதான். பாறையைப் பெயர்க்கும் அந்த நான்கு பேரைப் பார்த்து, புரியவில்லை என்று சென்னையில் யாரும் சொன்னதில்லை. நவீனக் கலை நம்மிடம் வந்து வெகுநாளாகிறது. நாம்தான் அதை வேறு எங்கோ தேடிக்கொண்டிருக்கிறோம்.

சுவரில் மாட்டுபவை அவ்வப்போது மாறும். ஆனால் ரவி வர்மா, தாகூர், ஜாமினி ராய், அம்ரிதா ஷேர்கில் என்ற வரிசையைத் தவிர்த்து இந்தச் சேகரத்தைப் பேச முடியாது. ரவி வர்மா என்றாலே திருவனந்தபுரம் அரண்மனை நினைவுக்கு வரும். அங்கே எண்ணெய் வண்ணம் தெரிந்த ஓவியர் மதுரை ராமசாமி நாயக்கர். அவர் அந்த வித்தையைச் சொல்லித்தர மறுத்ததாகவும், அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை இரவு வேளைகளில் ரகசியமாக வந்து கற்றுக்கொடுத்ததாகவும் ரவி வர்மாவின் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அந்த மதுரைக் கையை நினைத்துக்கொண்டு பார்த்தால், பட்டுப்புடவையின் மடிப்பில் விழும் வெளிச்சம் இன்னும் நெருக்கமாகிறது.

ஷேர்கில் 1937இல் தெற்கே வந்தார். அஜந்தா, மட்டாஞ்சேரி, மதுரை, கன்னியாகுமரி என்று சுற்றித் திரும்பியபின் 'மணமகளின் அலங்காரம்', 'பிரம்மச்சாரிகள்' ஆகியவற்றை வரைந்தார். பாரிஸில் படித்த தூரிகைக்குக் கறுத்த தேகத்தின் அழகு பிடிபட்டது அந்தப் பயணத்தில்தான் என்பது என் எண்ணம். 28 வயதில் இறந்துபோனார். டெல்லிச் சேகரத்தில் அவருடைய படைப்புகள் நூறுக்கு மேல் இருக்கின்றன.

ஜாமினி ராயிடம் சித்தி வெகுநேரம் நின்றார். எண்ணெய் வண்ணத்தைக் கைவிட்டு, வங்காள நாட்டுப்புறப் பட ஓவியர்களிடமிருந்து பாடம் கற்றவர் அவர். செங்காவி, மஞ்சள் காவி, அவுரி நீலம், விளக்குக் கரி. வண்ணத்தைக் கெட்டிப்படுத்தப் புளியங்கொட்டைப் பசை. "பசைக்குப் புளியங்கொட்டையா? எங்க பாட்டி வீட்ல காய்ச்சுவாங்களே!" என்று அருகே போய்ப் பார்த்தார். காவலர் ஒருவர் மெல்ல நகரச் சொன்னார்.

கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படம் ஒன்றின் முன்னால் நான் எதுவும் சொல்லவில்லை. கட்டங்கள், கோடுகள், எழுத்துபோல் தோன்றி எந்த மொழியிலும் சேராத கிறுக்கல்கள். சித்தி இடமிருந்து வலமாக விரலால் காற்றில் தொடர்ந்தார். "யாரோட ஜாதகம் இது?" என்றார். கோவையில் பிறந்த பணிக்கர், 1963 வாக்கில் இந்த வழிக்கு வந்தபோது, ஜாதகக் கட்டமும் ஓலைச்சுவடியும் கணக்கு நோட்டும்தான் அவர் கண்ணில் நிறைந்திருந்தன. ஐரோப்பியரைப் பார்த்து எழுதியது என்ற பழியிலிருந்து நம் ஓவியத்தை மீட்க, வீட்டு அலமாரியில் கிடந்ததையே அவர் கையில் எடுத்தார். கலை விமர்சனம் பக்கம் பக்கமாக எழுதியதைச் சித்தி ஒரே கேள்வியில் தொட்டுவிட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது.

அந்தப் பணிக்கர்தான் 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைக் கிராமத்தை உருவாக்கினார். கைவினைப் பொருள்கள் செய்து விற்ற பணத்தில் ஓவியர்களே நிலம் வாங்கினார்கள். தனபால், சந்தானராஜ், முனுசாமி, கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கு வரைந்த ஆதிமூலம் என்று சென்னை ஓவியப் பள்ளியில் உருவானவர்களின் பட்டியல் நீளும். பத்திரிகைப் பக்கங்களில் இவர்களுடைய கோடுகளோடு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் தேசியச் சேகரத்தின் கதையைச் சொல்லும்போது வங்காளமும் பம்பாயும் நிறைய இடம் எடுத்துக்கொள்கின்றன. சென்னை அங்கங்கே தலைகாட்டுகிறது.

பெங்களூரு கிளை திறந்தபோது டெல்லியின் ஆயிரக்கணக்கான படைப்புகளிலிருந்து ஏறக்குறைய 500 மட்டும் இங்கே வந்தன. மீதியில் பெரும்பகுதி கிடங்கில் உறங்குகிறது. தென்னகத்துக்கென்று இருக்கும் ஒரே கிளையில், 1950 முதல் 1980 வரையிலான சென்னை ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் நிரந்தரமாக ஓர் அறை வேண்டும். விளக்கப் பலகைகள் கன்னடத்தோடு தமிழிலும் இருக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் 20 ரூபாய், திங்கட்கிழமை விடுமுறை என்பதைக்கூடக் காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் ஒரு பலகை எழுதி மாட்டலாம்.